வைகுண்டம் சார் வைத்த மச்சம்

மஞ்சணத்தித் துறையில் சித்திரத் திரை நெய்யும் தறிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் ஆசிரியை உலகம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. அவளுடைய சீடர் வைகுண்டத்துக்கு அறுபது. சிரிக்க வேண்டாம், இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. வைகுண்டம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டிரில் வாத்தியாராக இருந்தவர். உலகம்மாளே அவரிடம் 'இடம் திரும்பு, வலம் திரும்பு' படித்தவள்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே அவர் தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். வீட்டில் சும்மா இருந்தால் கைகால் மறந்துபோகிறது என்றார். உலகம்மாள் காரணம் கேட்கவில்லை. நூல் தட்டும் சீப்பை அவர் கையில் கொடுத்து உட்காரச் சொன்னாள். அன்றிலிருந்து அவர் அவளை 'அம்மா' என்பார், அவள் அவரை 'சார்' என்பாள்.

சித்திரத் திரையை நெய்கிறவர்கள் அதன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து நெய்வார்கள். திரையின் முகம் சுவரைப் பார்த்திருக்கும். இடையில் ஒரு பூனை போகலாம், ஆள் போக முடியாது. நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முடிச்சும், வெட்டிய நூல் நுனியும், தொங்குகிற, நூல் சுற்றிய குச்சிகளும்தான். நெய்து முடிந்த பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே படமரம் என்கிற உருளையில் சுருண்டுகொண்டே போகும்.

சுருண்டதை அவிழ்ப்பதில்லை. அது அந்தக் கூடத்து வழக்கம். அவிழ்த்தால் தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவு நூல் மொத்தமும் தொய்ந்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் திரையில் ஒரு நெளிவு நிற்கும். வேலை முழுவதும் முடிந்து, ஆசிரியை கத்தரிக்கோலால் பாவை அறுக்கிற நாளில்தான் நெய்தவர்களே தாங்கள் நெய்ததைப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் அவர்கள் நெய்தது ஒன்பது முகங்கள். முந்தின ஐப்பசியில் ஆற்றில் ஓடம் கவிழ்ந்து ஒன்பது பேர் போய்விட்டார்கள். அந்த ஒன்பது பேரும் படித்துறையில் நிற்பதுபோல் ஒரு திரை வேண்டும் என்று ஊர் கேட்டது. கீழ்ப்படியில் ஐந்து பேர், மேல்படியில் நான்கு பேர். ஓடம் கவிழ்ந்து வருஷம் திரும்புகிற நாளன்று அறுத்து, துறை மண்டபத்தில் தொங்கவிட வேண்டும்.

நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து நெய்தார்கள். வைகுண்டத்துக்கு ஓரத்து இடம். அவர் பங்குக்குக் கீழ்ப்படியில் புஷ்பம் என்ற பதினேழு வயதுப் பெண் வந்தாள். அவளுக்கு நேர் மேலே, மேல்படியில், பெயர் தெரியாத ஒரு மனிதர். எந்த ஊர்க்காரர் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. துறையில் டீக்கடை வைத்திருப்பவர் மட்டும் அவரை நினைவு வைத்திருந்தார். "டீ நல்லா இருக்குன்னு சொன்னாரு. சொல்லிட்டு வெக்கப்பட்ட மாதிரி சிரிச்சாரு" என்றார். அதை வைத்துத்தான் உலகம்மாள் அவருக்குப் படம் வரைந்தாள்.

புஷ்பத்துக்கும் போட்டோ கிடையாது. எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவள் அப்பா கடைசிவரை விடவில்லை. அவள் அம்மா பேச்சி சொல்லச் சொல்ல வரைந்ததுதான். முகம் பாதி நெய்தான பிறகு ஒரு நாள் பேச்சி கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எடது கன்னத்துல ஒரு மச்சம் உண்டு. கடுகு பருமன்."

"படத்துல இல்லாட்டா என்ன, நான் வச்சிருதேன்" என்றார் வைகுண்டம். வைத்தும் விட்டார். கறுப்பு நூலில் நாலு சுற்று. பேச்சி சந்தோஷமாகப் போனாள்.

அடுத்த வாரம் புஷ்பத்தின் முகம் படமரத்தில் சுருண்டுவிட்டது. வைகுண்டம் மேல்படிக்கு வந்தார். பெயர் தெரியாதவரின் தாடையைத் தொடங்கினார்.

ஒரு நாள் காலை அவர் முற்றத்து வேப்பமரத்தில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னத்துக்குப் போகும்போது கத்தி அப்படியே நின்றது.

இடது கன்னம் என்றாள். எந்த இடது?

திரையின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பெண்ணின் இடது, தன் இடதுதான். இது தறிக்கூடத்தில் முதல் நாள் பாடம். ஆனால் டிரில் வாத்தியாருக்குக் கை வேறு பாடம் படித்திருந்தது. பிள்ளைகள் எதிரே நின்று 'இடக்கை மேலே' என்று சொல்கிற வாத்தியார், தன் வலக்கையைத்தான் தூக்க வேண்டும். பிள்ளைகள் அவரைக் கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்துத் தூக்குவார்கள். 'இட' என்று வாய் சொன்னதும் வலது பக்கம் போகிற கை அது. முப்பது வருஷப் பழக்கம். அன்று மச்சம் வைத்தபோது அந்தக் கை எந்தப் பக்கம் போயிற்று?

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஒரு நிமிஷம் இடது பக்கம் வைத்ததுபோல் இருந்தது. அடுத்த நிமிஷம் வலது பக்கம் வைத்ததுபோல் இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார்.

"என்ன சார், பாதி வயலத்தான் அறுத்திருக்கீங்க?" என்றான் பக்கத்தில் நெய்கிற சுடலை.

"சுடலை, புஷ்பத்துக்கு மச்சம் வச்சேன்லா, எந்தப் பக்கம்னு நீ பாத்தியா?"

"என் மூஞ்சியிலயே எத்தனை மச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்."

வைகுண்டம் உலகம்மாளிடம் போனார். விஷயத்தைச் சொன்னார். "ஒரே ஒரு தடவை அவிழ்த்துப் பாத்துட்டு உடனே சுருட்டிருவோம்மா" என்றார்.

"இப்ப என்ன நெய்யுதீங்க சார்?"

"அந்தப் பேர் தெரியாத ஆளு. தாடை முடிஞ்சு வாய்க்கு வந்திருக்கேன்."

"வாயை நெய்யுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் போய் உட்கார்ந்து வாயை நெய்தார். கைதான் நெய்தது. மனசு காலுக்குக் கீழே உருளைக்குள் கிடந்தது.

அடுத்த நாள் தறிக்கடியில் தவழ்ந்து போய், டார்ச் அடித்து, உருளையின் ஓரத்தைப் பார்த்தார். மடிப்புகளை எண்ணினார். எத்தனையாவது மடிப்பில் புஷ்பம் இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அதற்கடுத்த நாள் மச்சம் வைத்த அதே நேரத்தில் அதேபோல் உட்கார்ந்து, கண்ணை மூடி, கை எங்கே போகிறது என்று பார்த்தார். இடதும் போனது, வலதும் போனது. சுடலை எழுந்து தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் பேச்சி வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து முக்காலியை எடுத்துப் போட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க சார். அன்னைக்கு நான் வெள்ளெனவே வந்து முன்னால நின்னுக்கிடட்டுமா? கூட்டத்துல மறைச்சிருவாங்க."

"நில்லும்மா. யாரு வேண்டாங்கா?"

"புள்ள மொகம் கலங்கிக்கிட்டே வருது சார்" என்றாள் பேச்சி. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், யாரிடமும் சொல்லக்கூடாததைச் சொல்பவள் போல. "கண்ண மூடுனா மூக்கு வரமாட்டேங்கு, வாய் வரமாட்டேங்கு. மச்சம் மட்டுந்தான் முதல்ல வருது. அதப் பிடிச்சு வச்சுக்கிட்டுத்தான் மத்ததக் கொண்டாறேன். எத்தன நாளைக்கு அப்படி முடியும் சொல்லுங்க. நீங்க நெய்ஞ்சு வச்சிட்டீங்க. இனி பயமில்ல."

உள்ளே சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கியது. அதன் விளிம்பில் புஷ்பம் ஒட்டி வைத்த பொட்டுகள் அப்படியே இருந்தன. அவர் அதைப் பார்த்தார், தன் கன்னத்தைத் தடவினார், வந்த விஷயத்தை மென்று விழுங்கிவிட்டு எழுந்தார்.

அன்று இரவு தூக்கம் இல்லை. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வைகுண்டம் பசிக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்திருந்தார். கூடம் காலியானதும் தறியின் கீழே குனிந்தார். படமரம் சுழலாமல் பிடித்திருப்பது ஒரு மர முளை. அதை உருவினால் போதும். முளையைப் பிடித்து அசைத்தார். அது கொஞ்சம் நகர்ந்தது.

"சார்."

வாசலில் உலகம்மாள் நின்றாள். கையில் தண்ணீர்ச் சொம்பு.

அறுபது வயது மனிதர், டிரில் வாத்தியார், பிள்ளைகளைப் பிரம்போடு மிரட்டியவர், தறிக்கடியில் முட்டி போட்டபடி இருந்தார். எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

"இதுக்கு மேல என்னால முடியாதும்மா. அந்த அம்மா முகத்தைப் பாத்துட்டு வந்துட்டேன். மச்சம் மாறியிருந்தா, நெனப்புல மிச்சம் இருக்கற மகளையும் நான் எடுத்துட்டேன்னு அர்த்தம்."

உலகம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியாதா, எந்தப் பக்கம்னு?" என்றார் அவர். "நீங்க அன்னைக்குப் பாக்கலையா?"

"பாக்கல சார். அன்னைக்கு நான் சாயத்தொட்டியில நூல் முக்கிட்டு நின்னேன். பாக்காதது என் தப்புதான்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. உங்கள மாதிரியே எனக்கும் சோறு இறங்கல." அவள் மூலையில் சாய்த்திருந்த அளவுகோலைக் காட்டினாள். "அதக் கொண்டாங்க."

அவர் எழுந்து கொண்டுவந்தார். மேலே பாவு நூல் தொடங்கும் இடத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அளந்தார்கள். ஏழு முழம் சரியாக இருந்தது. பிறகு நெய்து நிற்கிற விளிம்பில் அளந்தார்கள். ஏழு முழத்துக்கு இரண்டு விரற்கடை குறைந்தது.

"யாரு பக்கம் சார்?"

பார்க்கவே வேண்டாம். மற்ற மூன்று பேர் பகுதியும் நேராக இருந்தது. வைகுண்டத்தின் ஓரம் மட்டும் உள்ளே வளைந்து வந்திருந்தது. குறுக்கே ஓடும் ஊடு நூலை இறுக்கி இறுக்கி இழுத்தால் ஓரம் அப்படித்தான் உள்ளே வரும்.

"எங்க இருந்து வளையுது?"

அவர் விரலை ஓரத்தின்மேல் வைத்து மெல்லக் கீழே இறக்கினார். தாடையின் அடியில் நேராக இருந்தது. தாடை முடிந்து உதடு தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. பாதிச் சவரத்தோடு வந்து உட்கார்ந்த நாள் அது. அதிலிருந்து எட்டு நாள் வேலை.

உலகம்மாள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு தறியைப் பார்த்தாள். முதுகுப் பக்கத்தில் பார்த்தாலும் தெரிந்தது. டீக்கடைக்காரர் சொன்ன அந்த வெட்கச் சிரிப்பு எங்கேயும் இல்லை. உதடு இரண்டும் நெருக்கிக்கொண்டு, கசப்பு மருந்து குடித்தவர் வாய்போல் இருந்தது.

"இவரு என்ன பண்ணாரு சார், பாவம்?" என்றாள் உலகம்மாள்.

வைகுண்டம் அளவுகோலைத் திரும்ப மூலையில் சாய்த்தார்.

"அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. முளைய எடுத்தீங்கன்னா அந்தப் புள்ள மொகத்தப் பாத்துரலாம். பாவ மறுபடி இறுக்கி முடிஞ்சவரை நேராக்கறதுக்கே பத்து நாளும் போயிரும். மாறித்தான் இருந்தாலும் திருத்த நாள் இருக்காது. முளைய எடுக்கலேன்னா, இந்த எட்டு நாள் வேலையப் பிரிச்சிட்டுத் திரும்ப நெய்யலாம். ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். நீங்க எதச் செஞ்சாலும் நான் தடுக்கல."

சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

வைகுண்டம் நெடுநேரம் முளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, நகர்ந்திருந்த முளையை உள்ளங்கையால் அடித்து மறுபடி இறுக்கினார். தண்ணீரைக் குடித்தார். உட்கார்ந்து பெயர் தெரியாதவரின் நெற்றியிலிருந்து ஒவ்வொரு நூலாகப் பிரிக்கத் தொடங்கினார். நெற்றி போயிற்று, கண் போயிற்று, மூக்கு போயிற்று. பிரிக்கவே இரண்டு நாள் ஆனது.

அதற்குப் பிறகு பயம் விட்டுப்போயிற்று என்று சொன்னால் அது பொய். பயம் தினமும் அவருக்கு முன்னாலேயே வந்து பலகையில் உட்கார்ந்திருந்தது. கை இறுகுவது தெரிந்தால் அவர் நிறுத்துவார். விரலை உதறுவார். சுவரில் இருந்த சிரிப்பைப் பார்ப்பார். பிறகு நூலை வில்லாக வளைத்துத் தளர்வாகப் போட்டு, சீப்பால் தட்டுவார். நான்கு வரிசைக்கு ஒரு தரம் அளவுகோலை வைத்துப் பார்த்தார். அந்த மனிதரின் தலைமுடி முடிந்தது அறுப்புக்கு முதல் நாள் சாயங்காலம்.

மறுநாள் காலை உலகம்மாள் பாவை அறுத்தாள். நூல்கள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. யாரும் பார்க்காமல் அப்படியே சுருளாகத் தோளில் தூக்கிப் போய், துறை மண்டபத்தில் மாட்டி, கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். திரை இறங்கியது. ஒன்பது பேரும் படித்துறையில் நின்றார்கள்.

வைகுண்டம் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் முதலில் பார்த்தது மச்சத்தைத்தான்.

மாறித்தான் இருந்தது. வலது கன்னத்தில் இருந்தது.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். சொன்னபடி வெள்ளெனவே வந்து எல்லோருக்கும் முன்னால் நின்ற பேச்சி, திரையருகே போனாள். கையை நீட்டி மகளின் இடது கன்னத்தைத் தொட்டாள். விரல் அங்கே தேடியது. பிறகு மெல்ல நகர்ந்து வலது கன்னத்துக்கு வந்து, மச்சத்தின்மேல் நின்றது. சுடலை தரையைப் பார்த்தான்.

வைகுண்டம் தூணை விட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றார்.

"தப்பு என்னுதும்மா. நீ எடது கன்னம்னு சொன்ன. நான்தான் மாத்தி வச்சிட்டேன். வேற யாரையும் ஒண்ணும் சொல்லாத."

பேச்சி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியே இரண்டு எட்டுப் பின்னால் வந்தாள். முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள்.

"தெனமும் காலையில நாந்தான் சார் அவளுக்குத் தலை பின்னி விடுவேன்" என்றாள். "அவ கண்ணாடிக்கு முன்னால உக்காருவா. நான் அவளுக்குப் பின்னால. கண்ணாடியிலதான் அவ மொகத்தப் பாப்பேன். ஒழுங்கா உக்காருட்டின்னு வைவேன். அவ கண்ணாடிக்குள்ள இருந்து பழிப்புக் காட்டுவா." திரையில் இருந்த மச்சத்தைக் காட்டினாள். "கண்ணாடியில மச்சம் இந்தப் பக்கந்தான் தெரியும்."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. மடியில் அவள் விரல்கள் மூன்று கால் பின்னலைப் பின்னிக்கொண்டிருந்தன.

வைகுண்டம் அங்கேயே நின்றார். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து அவரவர் முகத்தின் முன்னால் நின்றன. ஒருத்தி தேங்காய் உடைத்தாள். ஒருவர் தன் தம்பியின் முகத்துக்கு நேரே நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

மேல்படியின் ஓரத்தில் இருந்த முகத்தின் முன்னால் யாரும் இல்லை. உலகம்மாள் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். வைகுண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"கேட்டீங்களாம்மா? அப்படின்னா அது தப்பே இல்லல்லா?"

"தப்புதான் சார்."

"பேச்சி இப்பச் சொன்னாளே."

"அந்தம்மா சரிபண்ணிக்கிட்டாங்க. அவங்க புள்ள."

வைகுண்டமும் அண்ணாந்து பார்த்தார். மேலே பெயர் தெரியாத அந்த மனிதர், டீ நன்றாக இருக்கிறது என்று இப்போதுதான் சொன்னவர் போல, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரம் மேலிருந்து கீழ்வரை நேராக இருந்தது.

உலகம்மாள் அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"இவருக்கு அப்படிச் சரிபண்ணிக்க யாரு சார் வருவா?"